இரண்டு இருபதுக்கு வந்த போன்

இது கட்டிச் சொன்ன கதை இல்லை. போன வருஷம் ஸ்ரீரங்கத்தில், பட்டப்பகலில் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் தென்னூர் ஆஸ்பத்திரியில் ஏப்ரல் ஆறாம் தேதி எழுதிக் கொடுத்த சீட்டு இன்றும் இளவேனிலின் பீரோவில் இருக்கிறது. கேட்டால் எடுத்துக் காட்டுவாள்.

அவளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கணவன் அன்புச்செல்வன் ராணுவத்தில் நாயக். தலைப்பிரசவத்துக்குப் பத்து நாள் லீவு கேட்டான், கிடைக்கவில்லை. அவன் யூனிட் வடக்கே பனிமலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. பிப்ரவரி கடைசியில் பெண் குழந்தை பிறந்தபோது, போன் திரையில் அதன் முகத்தைப் பார்த்து அழுதான். "மேல போஸ்ட்டுக்குப் போறேன் வேனி. அங்க நம்ம போன் எடுக்காது. ஆர்மி போன்ல எப்ப முடியுதோ அப்பக் கூப்பிடுறேன்" என்றான். அதோடு சரி. ஒரு மாதம் பேச்சே இல்லை.

அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை வீடு. இளவேனிலின் அம்மா அழகம்மாள் பக்கத்துத் தெரு மெஸ்ஸில் சமையல் செய்தாள். இருபது நாள் மகள் கூடவே இருந்து பார்த்தாள். அதற்கு மேல் மெஸ்காரர் பொறுக்கவில்லை. காலை பத்து மணிக்குப் போனால் மாலை நாலுக்குத்தான் வருவாள். அந்த ஆறு மணி நேரமும் இளவேனிலும் தூளியும் மட்டும்தான். தையல் போட்ட இடம் இன்னும் இழுத்தது. சில நாள் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. டிவி பார்க்கலாம் என்றால், ரிப்பேர் என்று அம்மா அதைக் கழற்றி வைத்திருந்தாள்.

மார்ச் இருபத்தேழு. பகல் இரண்டு இருபது. போன் அடித்தது.

திரையில் நீளமாக ஏதோ ஒரு நம்பர். எடுத்தாள். கர்ர்ர்... என்று இரைச்சல். அதற்கு நடுவே ஓர் ஆண் குரல், கரகரத்து, எங்கோ எட்டத்திலிருந்து.

"பாப்பா எப்படி இருக்கா?"

அன்புச்செல்வன்தான் என்று இளவேனில் நினைத்தாள். குரல் ஏன் இப்படி மாறிவிட்டது என்று கேட்டாள். குளிர், சளி என்றது குரல். இரண்டு நிமிடத்தில் லைன் போய்விட்டது. சாயந்திரம் அம்மாவிடம் சொன்னபோது அழகம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உம் புருஷன்தானே? நல்லாத் தெரியுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். ஒரு போனுக்கு ஏன் இவ்வளவு என்று இளவேனிலுக்குப் புரியவில்லை.

அதன் பிறகு தினமும் போன் வந்தது. தினமும் அதே இரண்டு இருபது. ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை.

மூன்றாம் நாளே ஒன்று உறுத்தியது. அவன் ஒரு தடவைகூட அவளை வேனி என்று கூப்பிடவில்லை. தையல் ஆறிற்றா, தூங்கினாயா என்று கேட்கவில்லை. பேச்செல்லாம் குழந்தையைப் பற்றித்தான். ஐந்தாம் நாள், சாப்பிட்டீர்களா என்று அவளே கேட்டாள்.

"இங்க பசிக்கிறதில்ல" என்றது குரல்.

ஆறாம் நாள், அவள் பேசிக்கொண்டிருக்கும்போது குழந்தை வீறிட்டு அழுதது. எடுக்க எழுந்தாள்.

"தூக்காதீங்க. போனைப் பக்கத்துல வைங்க. கொஞ்சம் அழட்டும்."

தூக்காதீங்க...? அன்புச்செல்வன் அவளை ஒருநாளும் நீங்க என்றதில்லை. ஆனாலும் போனைத் தூளிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஏன் வைத்தோம் என்று இன்றும் அவளுக்குத் தெரியாது. குழந்தை பதினோரு நிமிடம் அழுதது. எதிர்முனையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அம்மாவிடம் சொன்னாள். பெற்றவனுக்குப் பிள்ளை குரலைக் கேட்க ஆசை இருக்காதா என்று அம்மா சமாதானம் சொன்னாள். அடுத்த நான்கு நாளும் அதேதான் நடந்தது. போன். இரைச்சல். அழட்டும்.

ஏப்ரல் ஆறு. வெளியே வெயில் நூற்று நான்கு டிகிரி. இனி முடியாது என்று இளவேனில் இரண்டு பதினைந்துக்கே போனை அணைத்தாள். அணைத்ததைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். குழந்தை தூளியில் தூங்கியது. மேலே ஃபேன் கடக் கடக் என்று சுற்றியது.

இரண்டு பத்தொன்பது.

இரண்டு இருபது. போன் அடிக்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

கர்ர்ர்...

தலையணைக்கு அடியிலிருந்து இல்லை. தூளிக்குள்ளிருந்து.

"இன்னைக்கு அழ மாட்டேங்குறாளே..."

அவளால் நகர முடியவில்லை.

"அவ அம்மா காத்துக்கிட்டு இருக்கா. கூட்டிட்டுப் போறேன்."

"நாந்தான் அவ அம்மா" என்றாள் இளவேனில். குரல் வெளியே வந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

இரைச்சல் நின்றது. தூளி மெல்ல ஆடியது. ஒரு தடவை... இரண்டு தடவை...

பாய்ந்து பிடித்தாள். துணி ஈரம். ஐஸ் மாதிரி.

குழந்தையின் உதடு நீலம்.

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். தெருமுனையில் ஆட்டோ. டிரைவர் முருகானந்தம் குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் காவிரிப் பாலத்தில் பறந்தார். தென்னூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் காய்ச்சல் மானியை இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். தொண்ணூற்று இரண்டு டிகிரி. ஏசி அறையில் கிடத்தியிருந்தீர்களா என்று கேட்டார்.

"எங்க வீட்டுல ஏசியே இல்ல டாக்டர்."

அவர் அந்த எண்ணை அப்படியே சீட்டில் எழுதினார். ஹீட்டருக்கு அடியில் வைத்த குழந்தை, நான்கு பத்துக்கு வாய் திறந்து அழுதது.

அன்று இரவு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அழகம்மாள் வீட்டிலிருந்து கொண்டுவந்து ஆன் செய்த போனில் அன்புச்செல்வன் கூப்பிட்டான். வீடியோவில் அவன் முகம். தாடியும் வெடித்த உதடுமாக இருந்தான்.

"வேனி... இப்பதான் கீழ இறங்கினேன். மேல போனதுலேருந்து ஒரு தடவைகூட உன்னைக் கூப்பிட முடியல."

பிறகுதான் மற்றதைச் சொன்னான். மார்ச் இருபத்தைந்தாம் தேதி போஸ்ட் மேல் பனி சரிந்துவிட்டது. அங்கிருந்த ஒரே போனும் புதைந்துபோனது. கூடவே அவனுடைய கூட்டாளி அருள்நாதனும். மருங்காபுரிப் பக்கத்துப் பையன். பன்னிரண்டு நாளாகத் தோண்டுகிறார்கள், உடல் கிடைக்கவில்லை.

அழகம்மாள் அருகில் நின்று அழுதாள். அந்தச் செய்தியை அவள் முன்பே மெஸ் டிவியில் பார்த்திருந்தாள். பச்சை உடம்புக்காரி பயந்துவிடுவாள் என்றுதான் வீட்டு டிவியைக் கழற்றி வைத்தாளாம். மறுநாளே மருமகன் போனில் பேசினார் என்றதும், அவருக்கு ஒன்றுமில்லை என்று நம்பிவிட்டாளாம்.

இளவேனில் போனில் பழைய அழைப்புகளைத் தேடினாள். அந்த நீள நம்பர் எங்கேயும் இல்லை.

ஜூன் மாதம் அன்புச்செல்வன் லீவில் வந்தான். மூவருமாக மருங்காபுரிக்குப் போனார்கள். அருள்நாதனின் அப்பா நல்லுசாமி வாசலில் நாற்காலி போட்டார். மகனின் உடல் மே மாதம்தான் வந்தது என்றார். மார்ச்சில் பனி சரிந்தபோது மருமகள் மணிமேகலைக்கு எட்டாம் மாதமாம். சாவுச் செய்தி வந்த இருபத்தாறாம் தேதி இரவே வலி கண்டு, பெண் குழந்தை இறந்தே பிறந்ததாம். அவர் உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்கு மறுநாள்லேருந்து, மத்தியானம் ரெண்டு இருபது ஆனா போனைக் காதுல வச்சுக்குவா. மணியே அடிக்காதுங்க. ஆனா பேசுவா. பாப்பா அவருகிட்டதான் இருக்கு, அழுகுறது கேக்குது மாமான்னு சொல்லுவா. ஏப்ரல் ஆறாம் தேதியோட நின்னுருச்சு. அன்னைக்கு அறைக்குள்ள போனவதான், வெளியவே வர மாட்டேங்குறா."

இளவேனிலின் மடியில் இருந்த குழந்தை அப்போது பசிக்கு அழ ஆரம்பித்தது.

உள்ளே ஏதோ கீழே விழுந்தது.

தாழ்ப்பாள் விலகியது.

மணிமேகலை வந்து நிலைப்படியில் நின்றாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு இரண்டு கையையும் நீட்டினாள்.

"இது எம் பொண்ணு அழுகைங்க."