வாஷ் டெஸ்ட்டில் தேறிய வெப்சைட்

கண்ணுகளா, நம் பனியன் கம்பெனிக்கு வெப்சைட் வைத்த கதையைக் கேட்டால் நீங்கள் இருவரும் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அன்றைக்கு நாங்களும் வயிறு வலிக்கத்தான் சிரித்தோம்.

அதற்கு முன்பே ஒரு வெப்சைட் இருந்தது. அதில் ஒரு படத்தை மாற்றக்கூட அதைச் செய்து கொடுத்தவர்தான் வர வேண்டும். கூப்பிட்டால் சொந்த ஊரான கொமரலிங்கத்தில் நெல் அறுப்பில் இருப்பார். கம்பெனியில் கோடைக்கு அரைக்கைச் சட்டை தைத்துக்கொண்டிருப்போம், வெப்சைட்டில் குளிருக்கான முழுக்கையே தொங்கும். அதைப் பார்த்து, நம்மிடம் சரக்கு வாங்கும் ஒரு வெளிநாட்டு பையர், நாம் கடையைக் கட்டிவிட்டோம் என்று நினைத்து வேறு இடம் போய்விட்டார். இன்னொரு பையர், மாதக் கடைசியில் உங்கள் வெப்சைட்டைப் பார்க்கிறேன் என்று மெயில் போட்டிருந்தார். அவரும் போனால் பாதி மெஷினுக்கு உறை போட்டு மூட வேண்டியதுதான்.

புதிதாகச் செய்ய வந்தவர் தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பி. இரண்டு வழி சொன்னார். பழையபடி அவரே பக்கங்களை எழுதித் தருவது ஒன்று. சி.எம்.எஸ். என்ற ஒன்றைப் போட்டுத் தருவது இன்னொன்று. அதில் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய், படத்தையும் எழுத்தையும் நாமே மாற்றிக்கொள்ளலாமாம்.

"வருசத்துக்கு ஒருக்கா மாத்துறவங்களுக்கு இது வேண்டாத சுமை அண்ணாச்சி. நீங்க எப்பப்ப மாத்துவிய? யாரு மாத்துவா?"

சீசனுக்குச் சீசன் மாறும் என்றேன். யார் என்பதற்கு எல்லோரும் உங்கள் அம்மாவைப் பார்த்தோம். பையர்களுக்கு மெயில் போடுவது அவள்தான்.

"ஏனுங்க, நான் எதையாச்சும் அமுக்கி மொத்தமும் போயிருச்சுன்னா?" என்றாள்.

பக்கத்தில் நின்ற உங்கள் மாமாவுக்குக் கிண்டல் பண்ண அது போதும். "அக்கா ரசத்துக்கு உப்பு போடவே ரோசனை பண்ணுமுங்க மச்சான். இதைக் கையில குடுத்தா பையரு ஓடியே போயிருவாரு."

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, துணி தெரியும். புதுத் துணி வந்தால் விற்பவர் பேச்சை நம்பியா வெட்டுகிறோம்? ஒரு துண்டில் கட்டம் போட்டு, துவைத்துக் காயவைத்து, அளந்து பார்க்கிறோம். சுருங்கினால் ரோல் திரும்பிப் போகும். அதனால் தம்பியிடம், இதற்கும் ஒரு வாஷ் டெஸ்ட் போடுவோம், சாம்பிளுக்கு ஒன்று செய்து கொடுங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் செய்து கொடுத்தார்.

முதலில் இஞ்ச் டேப்பை எடுத்து மானிட்டரில் பக்கத்தின் அகலத்தை அளந்தேன். தம்பி வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அம்மா, கேமராவில் எடுத்த சட்டைப் படத்தை அப்படியே ஏற்றினாள். பக்கம் விரிந்து மானிட்டரைத் தாண்டிப் போனது. காலர் மட்டும் தெரிந்தது, சட்டையைக் காணோம்.

"ஸ்மால் கேட்டா டபுள் எக்ஸெல் வந்திருக்குதுங்க மச்சான்," என்றார் மாமா. தம்பிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

எவ்வளவு பெரிய படம் வந்தாலும் தானே அளவுக்குச் சுருங்கும்படி அவர் மாற்றிக் கொடுத்தார். மறுபடி துவைத்தோம். டேப் வைத்தேன், நூல் பிசகவில்லை. அம்மாவுக்குக் குஷி வந்துவிட்டது. வேண்டுமென்றே ஒரு பக்கத்தையே அழித்தாள். அது குப்பைத்தொட்டி மாதிரி ஓர் இடத்தில் கிடந்தது, எடுத்துப் போட்டுக்கொண்டாள். திரும்ப அழித்தாள், திரும்ப எடுத்தாள். கோலம் போட்டுக் கலைக்கும் பிள்ளையைப் போல இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அவள் ஒரு சட்டையைப் பற்றிப் பாதி எழுதியிருந்தாள். விசிறி நின்ற புழுக்கத்தில் நால்வரும் பேப்பரால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அழித்ததைவிட இதுதான் நிஜமான சோதனை. நம்மூரில் கரண்டைக் கேட்டுக்கொண்டா வேலை செய்கிறோம்? கரண்ட் வந்ததும் அம்மா முருகா என்று திறந்தாள். பாதி எழுதியது பாதியாகவே இருந்தது.

"இது நமக்கு ஆகுமுங்க. நானே பாத்துக்கறேன்," என்றாள்.

மாதக் கடைசியில் பையரிடமிருந்து மெயில் வந்தது. அன்று காலை அம்மா ஏற்றிய கோடு போட்ட அரைக்கைக்குத்தான் சாம்பிள் கேட்டிருந்தார். அவள் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, எனக்கு ரசத்துக்கு உப்பு போடத் தெரியுமா தெரியாதா என்று கேட்க மாமாவைத் தேடிக் கட்டிங் பக்கம் போனாள்.

ஆபீஸில் நான் மட்டும் இருந்தேன். டெஸ்ட்டில் தேறிய ரோலுக்குக் கட்டும் பச்சை அட்டை ஒன்றை எடுத்தேன். கையெழுத்துப் போட்டு, மானிட்டருக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாதபடி ஒயரில் கட்டிவிட்டேன்.