ஒற்றக்காவின் ஒருமை, பன்மை

அந்த வாரப் பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்கு ஒற்றக்கா என்றுதான் பெயர். பிழை திருத்துவது வேலை. க், ச், த், ப் எங்கே விட்டுப்போனாலும் விட மாட்டாள். ‘ஒற்று அக்கா’ என்று யாராவது பிரித்து எழுதினால் அதையும் சேர்த்துவிடுவாள். ஆசிரியரே தன் தலையங்கத்தை அவள் மேசையில் வைத்துவிட்டு நைசாக நழுவிவிடுவார்.

சோகக் கதை வந்தால் கேட்கவே வேண்டாம், அவளுக்குக் கொண்டாட்டம்தான். “தனிமை அவரை வாட்டியது, வெறுமை நெஞ்சை அடைத்தது, கடிகாரம் டிக் டிக், ஒரு காலி நாற்காலி. எல்லாம் வந்தாச்சு. நாற்காலி காலியா இருந்தா யாராவது உக்கார வேண்டியதுதானே,” என்று சத்தமாகப் படித்துக் காட்டுவாள். பக்கம் கட்டுகிற லேஅவுட்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். “எழுதுறவரே எல்லாத்தையும் அழுது தீர்த்துட்டா, படிக்கிற நமக்கு என்னய்யா மிச்சம்?” என்பது அவள் கட்சி.

அவளுக்கும் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. காரியம் முடிந்த கையோடு வேலைக்கு வந்துவிட்டாள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு யாராவது துக்கம் விசாரித்தால், அவர்கள் கட்டுரையில் இருந்த பிழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். கெட்டிக்காரி என்றார்கள். கல் நெஞ்சுக்காரி என்றும் சொன்னார்கள். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று அச்சுக்குப் போக வேண்டிய இதழில் புதிய எழுத்தாளர் ஒருவரின் கதை இருந்தது. மனைவியை இழந்த சைக்கிள் கடைக்காரரைப் பற்றியது. அந்தச் செய்தி முதல் வரியோடு சரி. அப்புறம் அழுகை இல்லை, கடிகாரம் இல்லை. மனிதர் பாட்டுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார், காய் வாங்குகிறார், கரண்ட் பில் கட்டுகிறார். ஒற்றக்காவுக்குப் பிடித்துப்போனது. ஒரே ஒரு குறை. வீட்டில் இருப்பது ஒற்றை ஆள். ஆனால் காய்காரியிடம், “நாங்கள் பாகற்காய் சாப்பிடுவதில்லை” என்கிறார். பக்கத்து வீட்டில், “நாங்கள் சீக்கிரம் தூங்கிவிடுவோம்” என்கிறார். கதை முழுக்க இதே கூத்து.

“நல்லாத்தான் எழுதியிருக்கார். பாவம், ஒருமை பன்மை தெரியல,” என்றாள். எல்லா ‘நாங்கள்’களையும் ‘நான்’ ஆக்கி, வினைச்சொற்களையும் அதற்குத் தக்கபடி மாற்றி, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். பக்கம் கீழே அச்சுக்கூடத்துக்குப் போய்விட்டது.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தார்.

“சனிக்கிழமை வீட்டுக்கு வர்றியா?”

“வராம என்ன? மத்தியானமே நாங்க வந்துடுறோம்ணா.”

“சரி, வாங்க.”

போனை வைத்த பிறகுதான் அந்த ‘வாங்க’ அவள் காதில் விழுந்தது. பிறந்ததிலிருந்து அண்ணன் அவளை வா, போ என்பவர். தங்கைக்கு மரியாதை கொடுக்கிற ஆளே இல்லை. அப்புறம் யாரை ‘வாங்க’ என்றார்? போன மாதமும் இப்படித்தானே சொன்னார். தான் என்ன சொன்னோம் என்று யோசித்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

டீயை அப்படியே வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினாள். அந்தச் சைக்கிள் கடைக்காரர் வீட்டில் அவர் மனைவி இன்னும் இருந்தாள். அந்த ஒரு சொல்லுக்குள்தான் இருந்தாள். அவளைத் தன் கையாலேயே வெளியே தள்ளியிருந்தாள் ஒற்றக்கா.

“பிளேட்டே போட்டாச்சு ஒற்றக்கா. மெஷின்ல ஏத்தப் போறோம்,” என்றார் அச்சுக்கூடத்துப் போர்மேன்.

“ஏத்தாதீங்க. தப்பு இருக்கு.”

“ஒற்று விட்டுப்போச்சா?”

“இல்ல. ஆளே விட்டுப்போச்சு.”

போர்மேன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முறைத்துப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மெஷின்காரருக்குச் சைகை காட்டினார். அவள் மறுபடி மேலே ஓட, லேஅவுட்காரர் முணுமுணுத்துக்கொண்டே ‘நாங்கள்’களைத் திரும்பப் போட்டார்.

“ஒரே ஆள்தானேக்கா. நாங்கள்னு எப்படி வரும்?”

“வரும்,” என்றாள். மறுபடி கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்பினாள்.

சனிக்கிழமை மத்தியானம் புது இதழோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் கதையைப் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“ஏண்ணா, நானும் இந்த ஆளு மாதிரிதான் உளறிக்கிட்டு இருக்கேன். தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“நீ நாங்கன்னு சொன்னா நான் வாங்கன்னுதானே சொல்லணும்? வான்னு ஒருமையில சொன்னா நீ சும்மா விடுவியா? இலக்கணம் பாக்குறவளாச்சே.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. இரண்டு வருஷத்து அழுகை, நிற்கவே இல்லை. அண்ணி துண்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு மூன்று பேருமாக நன்றாகச் சாப்பிட்டார்கள்.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “போயிட்டு வர்றோம்ணா,” என்றாள். இந்தத் தடவை தெரிந்தேதான் சொன்னாள்.

“போயிட்டு வாங்க,” என்றார் அண்ணன்.