ஆற்றுப் பக்கத்து வேலி

பி.யூ.சி. கணக்குப் பரீட்சையில் என்னைக் கவிழ்த்தது ஆடு. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்கள் யாரும் எங்கள் பெரியப்பாவுக்குப் பதில் சொல்லும் நிலையில் இருந்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. என்னைக் கல்லூரிக்கு அனுப்பும்போதே பெரியப்பா சொல்லிவிட்டார், "ஒரு பாடத்துல தவறினாலும் வீட்டோட இருக்கட்டும். அத்தை வீட்டுல பொண்ணு கேட்டுக்கிட்டேதான் இருக்காக." வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அப்பா என் டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்து திருச்சுழிக்கு நடந்தார். அங்கிருந்துதான் அருப்புக்கோட்டைக்கு பஸ்.

ஆற்றைக் கடப்பது என்றால் மணலைக் கடப்பது. எங்கள் பருத்திக்காடு குண்டாற்றின் கரையிலேயே இருந்தது. எதிர்க்கரை ஆடுகள் அந்த மணலில் ஊர்வலம் போல நடந்து வந்து தளிரைக் கடித்துவிட்டுப் போகும். அதனால் விதைத்த கையோடு உடைமுள் வெட்டி, ஆற்றுப் பக்கத்தைத்தான் முதலில் அடைப்போம். மற்ற பக்கங்கள் அப்புறம்தான்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. ஆற்றோரம் உள்ள நிலத்தில் இருநூறு அடி கம்பியைக் கொண்டு செவ்வகமாக வேலி அமைக்க வேண்டும், பரப்பு பெருமமாக இருக்க நீள அகலம் என்ன? எனக்கு ஒரே குஷி. நான்கு பக்கமும் அடைத்தேன். ஒரு பக்கம் x என்றால் அடுத்த பக்கம் நூறு கழித்தல் x. பெருக்கி, வகையிட்டு, பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்தினால் x ஐம்பது. சதுரம். இரண்டாயிரத்து ஐந்நூறு சதுர அடி. விடைக்கு அடியில் கோடு வேறு போட்டேன்.

வெளியே வந்ததும் விடுதித் தோழி கேட்டாள், "ஐம்பது, நூறுதானே?" அவள் தாமிரபரணிக் கரைக்காரி.

"ஐம்பது, ஐம்பதுல்ல?"

"ஏட்டி, ஆத்துப் பக்கம் எதுக்குட்டி வேலி? அங்கதான் தண்ணி கெடக்குல்லா!"

"ஆத்துலயா? தண்ணியா?" என்று கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று பக்கம் மட்டும் அடைத்தால் ஐயாயிரம் சதுர அடி வரும். விடுதிச் சுவரில் சாய்ந்தபடி மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். ஆற்றை நம்பினவளுக்கு என்னைவிட இரண்டு மடங்கு நிலம்.

ரிசல்ட்டில் என் எண் இல்லை. அந்த ஒரு கணக்கின் மார்க் கிடைத்திருந்தால் தேறியிருப்பேன்.

பெரியப்பா அன்றைக்கே அத்தை வீட்டுக்கு ஆள் அனுப்பப் போனார். அப்பா என்னை உட்காரவைத்து, கேள்வியை ஒரு வார்த்தை விடாமல் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதுவரை அண்ணனை எதிர்த்து ஒரு சொல் பேசாத மனுஷன் எழுந்து நின்று கத்தினார்: "ஆத்துப் பக்கத்தத் தொறந்து போட்டுட்டு எவனாச்சும் வேலி அடைப்பானா? கேள்வி போட்டவுக ஆட்டக் கண்டதே இல்லையா? எம் மக சரியாத்தான் அடச்சிருக்கா!"

பெரியப்பா திகைத்துப் போனார். "சரிப்பா, இன்னொரு தடவ எழுதட்டும். அதுலயும் போச்சுன்னா தையில கல்யாணம்."

மறு பரீட்சை ஐப்பசியில் வந்தது. அதற்கு முந்தைய நாள் பெய்யத் தொடங்கிய மழை விடிகிற வரை விடவில்லை. காலையில் கரைக்குப் போனால் மணலைக் காணோம். செம்மண் நிறத்தில் தண்ணீர் கரையைத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் அதே ஆடுகள். ஒன்றுகூடக் காலை நனைக்கவில்லை. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முட்டியது. வருஷமெல்லாம் செத்துக் கிடந்த ஆறு, என்னைத் தடுக்க இன்றைக்கா உயிர்த்துவர வேண்டும்?

"தண்ணி வடியட்டும்" என்றார் பெரியப்பா. வடிகிற வரை பரீட்சை காத்திருக்காது என்று அவருக்கும் தெரியும்.

அப்பா ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் உர மூட்டையின் உள்பிளாஸ்டிக்கில் சுற்றித் தலைப்பாகைக்குள் செருகினார். என் கையைப் பிடித்து இறங்கினார். இடுப்பளவு, பிறகு நெஞ்சளவு. நடு ஆற்றில் காலடி மணல் நழுவி, வாய்க்குள் சேறு புகுந்து, நான் போயேவிட்டேன் என்று நினைத்தேன். என் சடையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து நிறுத்தினார். வலியில் உயிர் வந்தது.

திருச்சுழியில் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். ஈரத்தில் பல் கிட்டியது. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார். என்னமோ சொல்ல வந்து தயங்கினார். பிறகு, ஊரே கேட்க அண்ணனிடம் கத்திய அதே மனுஷன், தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஏத்தா, அந்தக் கேள்வி வந்தா ஆத்துப் பக்கம் வேலி போடாத."

ஹாலுக்குள் தாமதமாகத்தான் நுழைந்தேன். உட்கார்ந்த பெஞ்சே நனைந்துவிட்டது. பெரும சிறுமக் கணக்கில் வேலியும் இல்லை, ஆறும் இல்லை. பதினெட்டு அங்குலச் சதுரத் தகரத்தின் நான்கு மூலையிலும் சதுரம் வெட்டி, மடித்துப் பெட்டி செய்ய வேண்டும், அது அதிகம் கொள்ள எவ்வளவு வெட்டுவது? வகையிட்டேன். இரண்டு விடை வந்து நின்றது, மூன்று என்றும் ஒன்பது என்றும். ஒன்பது அங்குலம் வெட்டினால் தகரமே மிஞ்சாது என்று புரிவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. மூன்று என்று எழுதினேன். இந்தத் தடவை கோடு போடவில்லை.

சாயங்காலம் அப்பா பஸ் நிற்கும் இடத்திலேயே நின்றிருந்தார். காலையில் கட்டியிருந்த வேட்டி உடம்பிலேயே காய்ந்து விறைத்திருந்தது.

"வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சுப்பா. நீங்க சொன்ன மாதிரியே ஆத்துப் பக்கம் விட்டுட்டேன்."

அவர் முகம் மலர்ந்தது. நான் தேறினேன். மேலே படித்தேன், கணக்கு வாத்தியாராகி இதே வேலிக் கணக்கை எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்பா சாகும்வரை யார் வந்தாலும் சொல்வார், "எம் மக பாசானது நான் சொன்ன ஒரு கணக்குல." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்புவார். நான் ஆமாம் என்று தலையாட்டுவேன். நான் மறு பரீட்சை எழுதிய அந்த வருஷமும் தண்ணீர் வடிந்ததும், ஆற்றுப் பக்கத்தைத்தான் அவர் முதலில் அடைத்தார்.