தவமணி அக்காவோடு பத்தொன்பது ஆண்டு வாதம்

ரிங்லெட் டவுனில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. எண் தவமணி அக்காவுடையது. எடுத்தால் அவருடைய கணவர் முனியாண்டி அண்ணனின் குரல். இத்தனை ஆண்டுகளில் அவர் என்னை அழைத்ததே இல்லை.

“பாஸ்டர், ஒங்க தவமணி போய்ட்டா” என்றார். பிறகு, “காலைல தேத்தண்ணி கேட்டா. கலக்கிக்கிட்டு வரதுக்குள்ள…” என்று நிறுத்திக்கொண்டார்.

நம் தேயிலைத் தோட்டத்துச் சிறு சபையில் அக்காவை அறியாதவர்கள் யாருமில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நீங்கள் அறிந்தது ஆராதனைக்குப் பின் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் தவமணி அக்காவை. நான் சொல்லப்போவது என்னோடு விடாமல் சண்டை போட்ட தவமணி அக்காவை.

இந்த மலைக்கு நான் ஊழியத்துக்கு வந்த முதல் ஞாயிறு. ஆண்டவர் வெளியே நின்று தட்டுகிறார், தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது, திறப்பதும் திறக்காததும் உங்கள் விருப்பம் என்று பிரசங்கத்தை முடித்தேன். எனக்கே திருப்தியாக இருந்தது. வெளியே வந்ததும், கொழுந்துக் கறை ஏறிய விரல்களோடு ஓர் அம்மாள் பிஸ்கட் தட்டை நீட்டினார்.

“பிரசங்கம் நல்லாருந்துச்சு பாஸ்டர். ஒரே ஒரு சந்தேகம். பாவத்துல மனுசன் செத்துக் கெடக்குறான்னுதான வேதம் சொல்லுது? செத்தவன் எப்டி எந்திரிச்சு தாழ்ப்பாளத் தொறப்பான்?”

“எழுந்திருக்கக் கிருபை பெலன் கொடுக்கும் அக்கா. திறக்கவேண்டியது அவன்.”

“பெலத்த வாங்கிக்கிட்டு சும்மாவும் படுத்துக் கெடக்கலாமா?”

“கிடக்கலாம். அது அவன் சுயசித்தம்.”

“அப்ப கர்த்தரு அவங்கிட்ட தோத்துப்போயிருவாரே! பிஸ்கட் எடுத்துக்குங்க.”

அன்று தொடங்கியது. யார் இரட்சிக்கப்படுவார்கள் என்பதை உலகம் உண்டாகும் முன்பே தேவன் முன்குறித்துவிட்டார் என்பது அக்காவின் பிடி. அழைப்பு எல்லாருக்கும் உண்டு, ஏற்பதும் மறுப்பதும் மனிதன் கையில் என்பது என் பிடி. இறையியல் கல்லூரியில் நான் கட்டுக்கட்டாகக் குறிப்பெடுத்ததை, அவர் சரிவில் நின்று கொழுந்து வெட்டிக்கொண்டே யோசித்து முடித்திருந்தார். புதன்கிழமை வேதபாடத்துக்கு வேலை முடிந்து நேரே வருவார். பூட்ஸை வாசலில் கழற்றும்போதே கேள்வியும் வந்துவிடும்.

இவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தார்.

“நா சாமியத் தேடிப் போகல பாஸ்டர். கல்யாணமான புதுசு. வேல முடிஞ்சு வரப்ப செம மழ. ஒதுங்க எடமில்லாம இந்தச் சபைக்குள்ள நொழஞ்சேன். உள்ள பாடிக்கிட்டு இருந்தாங்க. மழ விட்டதும் எல்லாரும் போய்ட்டாங்க, நா மட்டும் அழுதுக்கிட்டு ஒக்காந்துருந்தேன். இதுல எங்க லா என் சித்தம்? மழைய நானா பெய்ய வெச்சேன்?”

அந்தக் கேள்விக்கு நான் இரண்டு வாரம் தயாரித்துப் பதில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லா படிச்சிருக்கீங்க” என்றார்.

இப்போது நான் வெட்கப்படும் ஒன்றைச் சொல்லவேண்டும். ரோசம்மா அம்மாளின் மகன் செல்வம், லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்தவன், மாரடைப்பில் போனான். நல்லவன். சபைக்கு வருவான். ஆனால் ஞானஸ்நானத்தை மூன்று முறை தள்ளிப்போட்டவன். அடக்கம் முடிந்த மறுநாள் ரோசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எம்மவன் இப்ப எங்க இருப்பான்?” என்று கேட்டார். நான் நம்பியதைத்தான் சொன்னேன். “தருணம் கொடுக்கப்பட்டது அம்மா. அவன்தான் ஏற்கவில்லை.” அந்த அம்மாள் கையை விட்டுவிட்டார். அதன்பின் சோறு தண்ணீர் தொடவில்லை.

இரண்டாம் நாள் காலை தவமணி அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

“மூணு தடவ செல்வம் தள்ளிப்போட்டான். சரி. கர்த்தரும் அவனத் தள்ளிப்போட்டாருன்னு யாரு ஒங்ககிட்ட சொன்னா?”

“அப்படியென்றால் அவன் தேவனால் முன்பே தெரிந்துகொள்ளப்பட்டவன் என்கிறீர்களா?”

“எனக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது. தெரிஞ்செடுக்கிறவரு அவரு. அந்த லிஸ்ட்ட ஒங்க கையிலயும் குடுக்கல, எங்கையிலயும் குடுக்கல. வந்து அந்தம்மாகிட்ட தெரியாதுன்னு சொல்லுங்க. அது போதும்.”

முன்குறித்தல் இரக்கமற்ற உபதேசம் என்று அதுவரை நான் போதித்து வந்தேன். அந்த உபதேசத்தைப் பிடித்திருந்தவர் ஒரு தாய்க்காக என் வாசலில் நின்றார். விருப்பமும் அழைப்பும் பேசிய நான் அந்தத் தாயின் முகத்தில் கதவைச் சாத்தியிருந்தேன். ரோசம்மாவின் லயத்து வீட்டுக்கு அவர் முன்னே நடந்தார், நான் பின்னே போனேன்.

ரோசம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். “அம்மா, நேற்று முன்தினம் நான் சொன்னது தப்பு. செல்வம் எங்கே என்று எனக்குத் தெரியாது” என்றேன். அவர் மெல்லத் திரும்பினார்.

“அப்ப நா அவன் பேரச் சொல்லி அழலாமா?” என்றார்.

நான் பதில் சொல்லும்முன் அக்கா அவரை மடியில் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

அத்தனை வாதங்களில் அக்கா தடுமாறியது ஒரே ஒருமுறை. முனியாண்டி அண்ணன் கோயிலுக்குப் போகிறவர். சபைக்குள் கால் வைத்ததில்லை. ஒரு புதன்கிழமை வாதத்தில் வெல்லும் ஆசையில் நான் கேட்டுவிட்டேன்: “எல்லாம் முன்பே குறித்ததென்றால் அண்ணனுக்காக எதற்குத் தினமும் ஜெபிக்கிறீர்கள்? குறிக்கப்பட்டிருந்தால் வருவார். இல்லையென்றால் இல்லை.”

அவர் முகம் வாடிவிட்டது. வேதப்புத்தகத்தை மூடினார்.

“சில நாளு எனக்கும் பயமா இருக்கும் பாஸ்டர். அந்த லிஸ்ட்டுல அவரு பேரு இல்லாட்டி நா என்னா பண்ணுவேன்னு. எங்கையில இருந்தா எப்பவோ இழுத்துக்கிட்டு வந்துருப்பேன். எங்கையில இல்ல. அதான் கேக்குறேன்.”

என் வெற்றி எனக்குக் கசந்தது. மன்னிப்புக் கேட்டேன். “கேள்வி நல்ல கேள்விதான்” என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனார்.

சிறுநீரகம் பழுதாகி, கடைசி மாதங்களில் அவரால் எழுந்து நடமாட முடியவில்லை. நான் போகும்போதெல்லாம் முனியாண்டி அண்ணன் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு வாசலில் கைகட்டி நிற்பார். ஒருநாள் அக்கா, “அந்தப் பக்கம் போனதும் மொத வேலையா யாரு சரின்னு கேட்டுர்றேன்” என்றார். “எனக்கு எப்படித் தெரிவிப்பீர்கள்?” என்றேன். “நீங்க தோத்தத நா ஏன் சொல்லி அனுப்பணும்?” என்று சிரித்தார். வாசலில் நின்ற அண்ணனும் சிரித்துவிட்டார்.

அக்காவின் அடக்கத்துக்குப் பிறகு அண்ணன் என்னிடம் வந்தார். “எல்லாரும் என்னைய சபைக்கு வா வான்னாங்க பாஸ்டர். அவ ஒரு நாளும் கூப்பிடல. எம்பேர மட்டும் தெனம் சொல்லுவா. பல்லு வெளக்கும்போது காதுல விழும். இப்ப வீட்டுல அந்தச் சத்தம் இல்ல.” தயங்கினார். “ஞாயித்துக்கெழம அவ ஒக்கார்ற எடத்துல வந்து ஒக்காரலாமா? எனக்கு நம்பிக்கைலாம் ஒண்ணும் இல்ல.”

நீங்கள் தீர்மானித்துவிட்டீர்களா என்று கேட்பது என் பழக்கம். அன்று, “வாங்கண்ணே” என்று மட்டும் சொன்னேன்.

நான் கட்சி மாறிவிடவில்லை. மனிதனுக்குச் சித்தம் உண்டு என்று இன்றும் பிரசங்கிக்கிறேன். அண்ணன் தானாக வந்தாரா, இழுக்கப்பட்டு வந்தாரா என்பதை வைத்தே அக்காவும் நானும் இன்னும் ஆறு மாதம் சண்டை போட்டிருப்போம். ஆனால் அக்காவிடமிருந்து ஒரு வழக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். ஆராதனை தொடங்குமுன், நாம் நேசிக்கிறவர்களின் பெயர்களை உரக்கச் சொல்கிறேன். வந்தவர், வராதவர், விசுவாசி, அவிசுவாசி என்று பிரிப்பதில்லை. காரணமும் சொல்வதில்லை. வெறும் பெயர்கள்.

போன ஞாயிறு அப்படிச் சொல்லிக்கொண்டே வந்து, “முனியாண்டி” என்றேன். அக்கா உட்காரும் மூன்றாவது பெஞ்சில் ஓர் அசைவு. நாற்பது ஆண்டுகள் காலைதோறும் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடக் கேட்டு, பதில் சொல்லிவிட்டு வேலைக்குப் போன மனிதர் சட்டென்று எழுந்து நின்றார்.

“இருக்கேன், ஐயா” என்றார்.