கண்ணாடிக்கு ஏற்ற கடல்

கப்பலில் வேலை செய்த என் தம்பி விடுமுறையில் வந்தபோது மகளுக்கென்று ஒரு சாமான் கொண்டுவந்தான். அது என்னவென்று எங்கள் குடியேற்றத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. முட்டை வடிவில் ஒரு தடித்த கண்ணாடி, அதைச் சுற்றிக் கறுத்த ரப்பர், தலையில் மாட்ட ஒரு பட்டி. கூடவே, கைத்தடியின் பிடிபோல வளைந்த ஒரு குழாய். கண்ணும் மூக்கும் மூடும்படி கண்ணாடியை முகத்தில் மாட்டி, குழாயின் ஒரு நுனியை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீரில் குப்புற மிதந்தால், மூச்சுக்காகத் தலையைத் தூக்காமலே அடியில் இருப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று தம்பி சொன்னான். அவன் போன துறைமுகங்களில் சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் மீன் பார்க்கிறார்களாம்.

மகளுக்கு அப்போது எட்டு வயது. மாமன் கப்பலுக்குத் திரும்பிய கையோடு அதை மாட்டிக்கொண்டு எங்கள் வயல் வாய்க்காலில் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் சேறாக எழும்பி வந்தாள்.

"அம்மா, ஒண்டும் தெரியேல்லை. தேத்தண்ணிக்குள்ள பாக்கிற மாதிரிக் கிடக்கு."

குளத்தில் முதலை கிடந்தது. மழை பெய்தால் கிணற்று நீரும் கலங்கும். ஆகவே கடல்தான். "கடலுக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன். மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி வந்த என் கணவரின் காதில் அது விழுந்தது.

"என்ன கதை கதைக்கிறீர்? பிள்ளையைக் கொண்டுபோய்க் கடலுக்குள்ள விடப்போறீரோ?"

"விடப்போறதில்லை. நானும் சேந்து இறங்கப்போறன்."

நான் கீரிமலைக்குப் பக்கத்தில் பிறந்தவள். அங்கே பெண்களுக்கென்று இருந்த கேணியில் நடக்கப் பழகிய வயதிலேயே நீந்தவும் பழகினேன். கல்யாணம் முடித்து, காணி கிடைத்து, விசுவமடுவுக்கு வந்து காடு வெட்டி வயல் செய்யத் தொடங்கிய பிறகும் தண்ணீரைக் கண்டால் என் கைகால்களுக்கு என்ன செய்வதென்று தெரியும். தெரியாமல் இருந்தது இடம் மட்டும்தான்.

நீந்துவதற்கு ஒரு கடல் போதும். பார்ப்பதற்குப் போதாது. தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். பிள்ளை களைத்தால் காலூன்றி நிற்கிற ஆழம் வேண்டும். இழுவை இருக்கக் கூடாது. அடியில் வெறும் மணலாக இல்லாமல் மீன் வந்து தங்கக் கல்லோ பாசியோ இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காலை பஸ்ஸில் போய்ப் பின்னேர பஸ்ஸில் திரும்பக்கூடிய தூரமாக இருக்க வேண்டும். இத்தனையும் உள்ள ஓர் இடத்தை முதலில் நான் தனியே போய்ப் பார்த்துவிட்டு, பிறகு பிள்ளையைக் கூட்டிப்போவதென்று தீர்மானித்தேன். வெள்ளை எனாமல் கோப்பை ஒன்றின் காதில் சணல் கயிறு கட்டி எடுத்துக்கொண்டேன். நெஞ்சளவு தண்ணீரில் அதை இறக்கி, அடியில் கிடக்கும் கோப்பை மேலிருந்து கண்ணுக்குத் தெரிந்தால் அந்தத் தண்ணீர் எங்களுக்குச் சரி.

முதல் நாள் நந்திக்கடலில் பார்த்தேன். காற்றில்லாத காலை, கடலோரம் ஏரியாகப் பரந்து கிடந்த களப்பு கண்ணாடிபோல இருந்தது. இறங்கி நின்று கோப்பையை விட்டால் முழங்காலைத் தாண்டுமுன்னரே அதைக் காணவில்லை. இறால்களுக்கு அருமையான தண்ணீர், எங்களுக்கு ஆகாது. அங்கிருந்து நடந்து முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போனேன். அங்கே தண்ணீர் தெளிவுதான். ஆனால் கரையோடே அலை உடைந்து மணலை அள்ளி எறிந்தது. இரண்டு எட்டு வைத்ததும் கால் கீழே போயிற்று. அதுவும் வேண்டாம். கடற்கரையில் வலை காயப்போட்டவர்கள், கோப்பையைக் கயிற்றில் கட்டிக்கொண்டு அலையும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துக் கை காட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

மூன்றாவது இடத்தைச் சொன்னவர், கருவாடு கொண்டுவருகிற அக்கா. அளம்பில் கரையைச் சேர்ந்தவர், மாதா கோயில் வேதக்காரர், நல்ல கட்டான உடம்பும் பெரிய குரலும். எங்கள் பக்கம் வந்து கருவாட்டைக் கொடுத்து நெல் வாங்கிப் போவார். என் அலைச்சலைக் கேட்டதும் ஓலைக் கடகத்தை இறக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் இருந்துகொண்டார்.

"மீனைப் பிடிக்கிறதுக்கோ?"

"இல்லை அக்கா. சும்மா பாக்கிறதுக்கு."

"சும்மா பாக்கிறதுக்கோ!" என்று அவர் சிரித்தார். "எங்கட வாடிக்குத் தெக்கால கல்லுப்பார் ஒண்டு கரையோட கிடக்கு. அலையை வெளியில மறிச்சுப்போடும். உள்ளுக்குக் குளம் மாதிரி. வலை கிழியுமெண்டு எங்கட ஆக்கள் அந்தப் பக்கம் போறதில்லை. சோளகம் துவங்கினாப் பிறகு வாங்கோ. காலமை வேளைக்கு வாங்கோ."

சோளகம் அங்கே கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. அது தொடங்கினால் அந்தக் கரையில் அலை அடங்கிப்போகும். தொடங்கியதும் நான் போய்ப் பார்த்தேன். பார் என்று அவர் சொன்ன பாறை வரிசையின் உட்பக்கம் கோப்பையை விட்டேன். அதன் நீல விளிம்புகூடத் தெரிந்தது. அங்குமிங்கும் நடந்து அடியைக் காலால் தடவினேன். முள்முள்ளாகக் கறுத்த உருண்டைகள் கல்லிடுக்கில் இருந்தன; சப்பாத்துப் போடாமல் இறங்கக் கூடாது. ஒரு தேங்காய்மட்டையை மிதக்க விட்டு எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்தேன். காற்று அதை மெல்ல வெளிப்பக்கம் தள்ளியது. பிள்ளையின் இடுப்பில் கயிறு கட்டிக் கரையில் ஒருவர் பிடித்துக்கொண்டால் சரி. வேறு குறை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் மகளும் புறப்பட்டோம். வழி முழுவதும் கண்ணாடியை அவள் மடியைவிட்டு இறக்கவில்லை. அளம்பிலில் இறங்கி, கடற்கரையில் ஓலைக் கொட்டிலாக இருந்த அக்காவின் வாடிக்கு நடந்தோம். அக்காவின் புருஷன் அதிகம் பேசாதவர். கயிற்றைப் பிடிக்க அவர் ஒத்துக்கொண்டார். நான் குறுக்குக்கட்டுக் கட்டி, அதன்மேல் கணவரின் பழைய காற்சட்டையையும் சேர்ட்டையும் போட்டு, கன்வஸ் சப்பாத்தோடு நின்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொலிஸ்காரன் மாதிரி இருக்கிறியள் தங்கச்சி."

மகளும் சப்பாத்தோடு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். கண்ணாடியை மாட்டினாள். குழாயைக் கவ்விக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். வைத்த வேகத்தில் எழும்பி எல்லாவற்றையும் கழற்றி என் கையில் தந்தாள்.

"ஏலாது அம்மா. என்ர மூச்சுச் சத்தம் எனக்கே பெரிசாக் கேக்குது. பயமாக் கிடக்கு."

இன்னொரு முறை முயன்றாள். அழுகை வந்துவிட்டது. இத்தனை தூரம் வந்தோமே என்று எனக்கு வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். இடம் சரி, தண்ணீர் சரி, நேரம் சரி. பிள்ளைக்கு வேண்டியது கொஞ்சம் பொழுதுதான். அவளை இடுப்பளவு தண்ணீரில் நிற்கவிட்டு, நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். பார்த்ததை எழும்பி எழும்பி அவளுக்குச் சொன்னேன். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட மீன், வண்ணாத்திப்பூச்சிபோலச் சோடியாகப் போகிறது. கல்லைக் கொறிக்கிற பச்சை மீன், கொறிக்கிற சத்தம்கூடக் கேட்கிறது. அவள் கேட்டுக்கொண்டு நின்றாளே தவிர, கையை நீட்டவில்லை.

கையை நீட்டியது அக்கா.

"எனக்கு ஒருக்காத் தாங்கோ பாப்பம்."

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு செருப்போடு அப்படியே இறங்கி வந்தார். கண்ணாடியை மாட்டித் தண்ணீரில் முகத்தை வைத்தார். மூக்கால் மூச்செடுக்கப் பார்த்து, அது முட்ட, திணறி எழும்பினார். அப்போது என் பக்கத்தில் நின்ற மகள் முன்னுக்குப் போனாள்.

"மாமி, மூக்கால இல்லை. வாயால. ஆறுதலா. இஞ்சை பாருங்கோ." குழாயை வாங்கித் தன் வாயில் வைத்து, தண்ணீருக்கு மேலேயே மூச்சை இழுத்தும் விட்டும் காட்டினாள். "சத்தம் பெரிசாக் கேக்கும். அது உங்கட மூச்சுத்தான், பயப்பிடாதேங்கோ."

அக்கா அவள் சொன்னபடி செய்தார். முகத்தை இறக்கினார். எழும்பவில்லை. குழாய் நுனியிலிருந்து மூச்சு சீராக வந்துபோனது. கரையில் கயிற்றோடு நின்ற மனிதர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"எடியே, உயிரோட இருக்கிறியோ?"

அக்கா முகத்தைத் தூக்காமலே ஒரு கையை வெளியே நீட்டி, பேசாமல் இரு என்பதுபோல ஆட்டினார்.

அவர் எழும்பியபோது முகத்தில் ரப்பர் வட்டமாகப் பதிந்திருந்தது. அவ்வளவு பெரிய குரல்காரர் மெதுவாகத்தான் பேசினார்.

"ஓரா மீன். கூட்டமா நிக்குது. என்ர கையை வந்து மோந்து பாக்குது, தங்கச்சி. பிறந்த நாளிலயிருந்து இந்தக் கடலோட கிடக்கிறன். மீனை வெட்டினனான், உப்புப் போட்டனான், காயவிட்டனான். உயிரோட நிண்டு என்னைப் பாக்கிறதை இண்டைக்குத்தான் கண்டனான்."

பிறகு குனிந்து மறுபடியும் முகத்தை வைக்கப் போனார். மகள் அவர் தோளைப் பிடித்தாள்.

"மாமி, இனி நான். எனக்குத் தாங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கண்ணாடியை வாங்கி, பட்டியைத் தானே இறுக்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்தாள். முதலில் என் விரல்களை நோகும்படி இறுக்கினாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி தளர்ந்தது. குழாய்க்குள்ளிருந்து ஊ, ஊ என்று சத்தம் வந்தது. பயத்தில் வந்த சத்தமல்ல. எதையோ கண்டு என்னைக் கூப்பிடுகிற சத்தம். நான் கையை விட்டேன். கயிறு இருந்தது, பக்கத்தில் நானும் இருந்தேன். அவள் கல்லைச் சுற்றிச் சுற்றிப் போனாள்.

காற்று ஏறும்வரை நின்றோம். வாடிக்குப் போய் உடுப்பு மாற்றியதும் அக்கா குசினியில் புட்டும் ஓரா மீன் குழம்பும் தந்தார். மகள் தட்டில் கிடந்த மீனை உற்றுப் பார்த்தாள்.

"மாமி, இது நாங்கள் பாத்ததோ?"

"இல்லைப் பிள்ளை. இது வேறை இடத்து ஓரா. நேற்றுப் பிடிச்சது."

அவள் யோசித்தாள். பிறகு முள்ளை எடுத்துத்தரச் சொல்லிச் சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் போடக் கேட்டாள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் தகப்பனை வேலிப் படலையடியிலேயே மறித்து எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினாள். அவர் மாடுகளைக் கட்டியபடியே கேட்டார். கடைசியில் என்னைப் பார்த்து, "அடுத்த முறை கயிற்றை நான் பிடிக்கிறன்" என்றார்.

இரண்டு கிழமை கழித்து அக்கா கருவாட்டுக் கடகத்தோடு வந்தார். நெல்லைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"தங்கச்சி, செம்மலைப் பக்கம் இன்னொரு பார் கிடக்கு. நேற்று நானே போய் இறங்கிப் பாத்தனான். உங்கட மாதிரிக் கோப்பையும் கட்டி விட்டனான். நல்ல தெளிவு. எப்ப வாறியள்?"

வருகிற சனிக்கிழமை என்றேன்.