நான் போடாத கையெழுத்து

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். கொடைக்கானலில் சீசன் முடிந்து, லாட்ஜுகள் காலியாகி, மழை பிடித்துக்கொண்ட ஆனி மாதம். எங்கள் வீடு அட்டுவம்பட்டியில். ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை எனக்கு. என் கணவர் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறார்.

முன்பு அது சொந்த வண்டியாக இருந்தது. கொரோனா சமயத்தில் மலைக்கு ஆளே வராமல் போனபோது தவணை கட்ட முடியாமல் விற்றோம். விற்ற பிறகும் கடன் மிச்சம். அதை அடைக்க மகளிர் குழுவில் ஒரு லோன் எடுத்தேன். அந்தத் தவணையைக் கட்ட வேறொரு குழுவில் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் தவணை நாள். பணம் பிந்தினால் வசூலுக்கு வீட்டுக்கே வந்துவிடுவார்கள். அந்த நாட்களில் காலையில் கேட் சத்தம் கேட்டாலே என் மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை, சொந்த வீட்டில் ஒளிந்து உட்கார்ந்து படித்தது.

அதைப் பார்த்துத்தான் அந்த வருடம் பொங்கல் முடிந்ததும் நானும் கணவரும் பேசி முடிவெடுத்தோம். இனி புதுக் கடன் கிடையாது. சின்ன லோனை முதலில் முடிப்பது, பிறகு அடுத்தது.

மிச்சம் பிடிக்க எங்களிடம் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். மினி பஸ்ஸை விட்டுவிட்டு லாட்ஜுக்கு நடந்தேன், போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். கேபிளை வெட்டினோம். கணவர் சிகரெட்டை விட்டார். வெளியில் டீ குடிப்பதும் நின்றது. வேலியில் மேரக்காய்க் கொடி, கீழே சௌசௌ என்பார்கள், காய்த்துத் தள்ளியது. மேரக்காய்க் கூட்டு, மேரக்காய்ப் பொரியல், மேரக்காய்ச் சாம்பார் என்று ஆறு மாதம் ஓட்டினேன். "அம்மா, இத இன்னொரு தடவ வெச்சீங்கன்னா நான் பட்டினி கெடப்பேன்" என்று மகள் சொல்லிவிட்டு அதையே சாப்பிடுவாள். பள்ளியில் ஊட்டிக்கு டூர் கூட்டிப்போனபோது அவளை அனுப்பவில்லை. அது ஒன்றில் மட்டும் நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அறையைக் காலி செய்து போகிறவர்கள் கொடுக்கிற டிப்ஸை அப்படியே ஒரு டப்பாவில் போட்டேன். அவசரம் என்று ஒருநாள்கூட அதைத் திறக்கவில்லை. சித்திரை, வைகாசி சீசனில் டப்பா நிறைந்தது. முதல் லோன் முடிகிற நிலைக்கு வந்தது.

அப்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

வழக்கம்போல் வெள்ளனே குழு மீட்டிங். குழுத் தலைவி வீட்டில் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். வசூலுக்கு வருகிறவர் நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, உங்க புது லோன் சாங்ஷன் ஆயிருச்சு. அண்ணனும் வந்துட்டாரு. வெரசா கையெழுத்தப் போட்டீங்கன்னா, எனக்குப் பேத்துப்பாறையில அடுத்த மீட்டிங் கெடக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலைப் பார்த்தேன். என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிமிடமே எல்லாம் புரிந்துவிட்டது.

பழனியில் இருக்கிற அவர் தங்கையின் மகளுக்கு ஆவணியில் காது குத்து. தாய்மாமன் இவர்தான். சீராக ஒரு பவுன் சங்கிலி போடுவதாகத் தங்கைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, என்னிடம் சொல்லப் பயந்து, என் ஆதார் நகலை எடுத்துக்கொடுத்து மனு போட்டிருக்கிறார். ஆனால் பெண்கள் குழுக் கடன். என் கையெழுத்து இல்லாமல் பணம் வராது.

"நான் கேக்கல சார். எனக்கு வேண்டாம்" என்றேன்.

வசூல்காரர் முகம் மாறியது. "அப்படிச் சொன்னா எப்படிக்கா? எல்லாரும் சேந்து எடுக்குற லோனு. ஒருத்தர் வேண்டாம்னா மத்தவங்களுக்கும் நின்னுரும்."

மற்ற ஒன்பது பேரும் என் பக்கம் திரும்பினார்கள். தலைவி அக்கா என் தோளைத் தொட்டு, "போட்டுரு தாயி, எங்க பொழப்பையும் கெடுக்காத" என்றார். அவர் மேல் கோபமில்லை. அவர் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது, எனக்குத் தெரியும். பேனா என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்துப் போட்டிருந்தால் அரை நிமிடத்தில் எல்லாருக்கும் நல்லவளாகியிருப்பேன்.

ஆறு மாதம் நடந்த நடை ஞாபகம் வந்தது. அடுப்படியில் உட்கார்ந்து படித்த மகள் ஞாபகம் வந்தாள்.

"சார், நான் எடுக்கலேன்னா இவங்களுக்கு லோன் கெடையாதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. அத வாங்கிட்டு யோசிக்கிறேன்."

"அப்படியெல்லாம் எழுதித் தர முடியாதுக்கா."

"அப்ப என்னாலயும் எழுத முடியாது சார். எனக்குச் சோலி கெடக்கு, வர்றேன்."

எழுந்து வந்துவிட்டேன். கணவரைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டியிருந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை. அன்று லாட்ஜில் ஒரு படுக்கைக்கு இரண்டு முறை விரிப்பு மாற்றியிருக்கிறேன். மதியம் தலைவி அக்கா போன் செய்தார். மற்ற ஒன்பது பேருக்கும் லோன் கொடுத்துவிட்டார்களாம்.

நான்காம் நாள் என் கணவர், "என் தங்கச்சி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" என்றார்.

"நீங்க முழிக்க வேண்டாம். நான் போய்ச் சொல்றேன்" என்றேன்.

அடுத்த விடுமுறை நாளில் தனியாகப் பழனிக்கு பஸ் ஏறினேன். என் நாத்தனார் அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறாள். காவடி எடுத்து வந்த கூட்டத்துக்கு விபூதிப் பொட்டலம் எடுத்துக்கொடுத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டாள். கூட்டம் நகர்ந்ததும் வெடித்தாள்.

"மாமியார் வீட்டு ஆளுக முன்னாடி என்னையத் தலகுனிய வெக்கிறீங்களே மதினி. அண்ணனுக்கு நான் ஒருத்திதான."

"ஒருத்திதாம்மா. அதனாலதான் உங்கிட்டப் பொய் சொல்லாம நேருல வந்து சொல்றேன். காது குத்துற தங்கக் கம்பியும் பாவாடை சட்டையும் எங்க சொந்தக் காசுல வரும். உங்கண்ணன் புள்ளைய மடியில வெச்சுக் காது குத்துவாரு. மடிக்கு லோன் வேண்டாம்."

அவள் அடுத்து வந்த ஆளுக்கு விபூதி எடுத்துக்கொடுக்கத் திரும்பிக்கொண்டாள்.

காது குத்து அன்று நாங்கள் மூவரும் போனோம். மண்டபத்தில் மற்றவர்களின் சீர்த் தட்டுகள் வரிசையாக இருந்தன. எங்களுடையது கம்பி, துணி, மலையிலிருந்து தூக்கி வந்த ஒரு கூடைப் பேரிக்காய். அங்கே ஒவ்வொருவர் சீரையும் மைக்கில் வாசிப்பது வழக்கம். "தாய்மாமன் சீர், தங்கக் கம்பி ஒரு ஜோடி, பாவாடை சட்டை, பேரிக்காய்..." என்று வாசித்தவர், அடுத்து ஏதாவது இருக்கும் என்று தாளைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. யாரோ ஒரு பெண் "பேரிக்காயா" என்று சத்தமாகவே கேட்டார்.

எனக்குக் காது சுட்டது. எழுந்து போய்விடலாம் என்று மகள் என் கையை இழுத்தாள். நான் அசையவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பந்தியில் உட்கார்ந்து பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

காது குத்தும்போது குழந்தை வீறிட்டு அழுது, என் கணவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. நாத்தனார் வந்து தூக்கப் பார்த்தாள், அவளிடமும் போகவில்லை. மாமன் தோளிலேயே தூங்கிப்போனது. அவர் சாப்பிடக்கூடப் போகாமல் ஒரு மணி நேரம் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகள் ஏறத் தொடங்கிய பிறகு அவர் வாய் திறந்தார்.

"ஆதார் எடுத்தது தப்புதான். அடுத்து எந்த லோன முடிக்கிறோம்?"

அதற்கு மேல் நான் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

முதல் லோனை அடைக்கப் போனபோது, பணத்தை வாங்காமல், புது லோன் எடுத்து அதில் கழித்துக்கொள்ளலாம் என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வத்தலக்குண்டு கிளை அலுவலகத்துக்கு நேரில் போய், கடன் பாக்கி இல்லை என்று எழுதிய கடிதம் கைக்கு வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மீதி இரண்டையும் முடிக்க இரண்டரை வருடம் ஆனது. இந்த வருடம் மாசியில் கடைசித் தவணை கட்டினோம். எங்கள் வீட்டில் இப்போது செவ்வாய்க்கிழமை வெறும் செவ்வாய்க்கிழமைதான். பிளஸ் டூ முடித்த மகள் ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்து படிக்கிறாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நாத்தனார் அவள் அண்ணனிடம் பேசுகிறாள். என்னிடம் முன்போலப் பேசுவதில்லை. அதுவும் நான் கட்டிய தவணை என்றே வைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த மண்டபத்தில் சிரித்தவர்களில் ஒருவர் முகம்கூட இன்று எனக்கு ஞாபகம் இல்லை. இவர்களுக்குப் பயந்தா இன்னொரு கடனில் விழப் பார்த்தோம் என்று நினைத்தால், எனக்கு வெட்கம் பாதியும் கோபம் பாதியுமாக வருகிறது.