இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த எண்

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, கடலோடு சேரும் வாவித் தண்ணீரின் உப்பை அளக்கும் சின்னக் கருவிகள் தங்களுக்குள் இரகசியமாகப் பேசிக்கொள்ள வழி தேடிக்கொண்டிருந்தேன். ஒரு சிறிய பற்றரியில் மாதக்கணக்காக ஓடவேண்டியவை. பெரிய கணக்குகள் போட அவற்றுக்குத் தெம்பில்லை. ஆனால் இரண்டு கருவிகளுக்கிடையே போய்வரும் ரேடியோ அலை, ஆளோ தோணியோ அசைந்தால் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் இரண்டுக்கும் ஒன்றுபோலவே கேட்கும். தள்ளி நின்று ஒட்டுக்கேட்பவனுக்கு வேறு மாதிரி. அதிலிருந்து இரண்டும் தனித்தனியே ஒரே எண்ணைச் செய்துகொள்ளும். செய்திகளைப் பூட்டவும் திறக்கவும் அந்த எண்தான் திறப்பு, அதாவது சாவி.

ஒரு காலை குருக்கள்மடத்துப் பக்கம் வாவி அசையாமல் கிடந்தது. ரேடியோ அலையிலும் மாற்றமில்லை, திரையில் ஒரே இலக்கமே திரும்பத் திரும்ப வந்தது. நாளும் என்னை ஏற்றிப்போகும் தோணிக்கார அண்ணனிடம் ஒரு கருவியைக் கொடுத்து, வளைந்து வளைந்து போகச் சொன்னேன். மற்றதைத் தூக்கிக்கொண்டு நான் முழங்காலளவு தண்ணீரில் நடந்தேன்.

றோட்டிலிருந்து அது எப்படித் தெரியும் என்று யோசிக்கவே இல்லை. மோட்டார்சைக்கிள் ஒன்று வந்து நின்றது. சிவில் உடுப்பில் இரண்டு பேர்; புலனாய்வுக்காரர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. கரைக்கு வரும்படி கையைக் காட்டினார்கள்.

"என்ன இது?"

"உப்பு அளக்கிறது, சேர்."

"உப்புக்கு எதுக்கு அன்டெனா? என்ன அனுப்புறீங்க?"

பதற்றத்தில் "இரகசியத் திறப்பு" என்று சொல்லிவிட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு வாக்குமூலம் எடுத்துவிட்டு அனுப்புகிறோம் என்றுதான், நான் பிறக்குமுன், இப்படி வந்தவர்கள் என் மாமாவைக் கூட்டிப்போனார்கள். அவர் வரவில்லை. அதைவிட, கரையில் ஒதுக்கிய தோணியில் குந்தியிருந்த அண்ணனைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அவரை இழுத்து வந்தது நான்.

"அந்தத் திறப்பச் சொல்லுங்க."

"இனித்தான் உண்டாகும். எனக்கும் தெரியாது."

"பகிடியா?"

செய்து காட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அண்ணனிடமிருந்த கருவியை வாங்கி, கேட்டவரின் கையில் கொடுத்து, நடக்கச் சொன்னேன். அவர் கரையோரமாக நடந்தார், திரும்பினார், நின்றார். ஒரு நிமிடத்தில் இரண்டு திரைகளிலும் எண் வந்தது. அவர் தன்னுடையதை உரக்க வாசித்தார். என்னுடையதிலும் அதேதான்.

"இது வேற ஆருக்குத் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான்."

சொன்ன பிறகுதான், இனி அவரோடு எனக்கொரு இரகசியம் என்று உறைத்தது. அவர் சிரிக்கவில்லை. திரையைப் போனில் படம் எடுத்தார். என் அடையாள அட்டையையும் அண்ணனுடையதையும் அப்படியே படம் பிடித்து, என் போன் இலக்கத்தையும் குறித்துக்கொண்டார். "தேவைப்பட்டா கூப்பிடுவம்" என்றுவிட்டுப் போனார்கள்.

அண்ணன் வெகுநேரம் துடுப்பைத் தொடவில்லை. "அவன்ட கையில என்னத்தப் புள்ள குடுத்த?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்ல அண்ணே. வெறும் நம்பர்."

"நம்பர் எண்டா ஏன் படம் எடுத்தவன்?"

மறுநாள் அவர் வரவில்லை. தேடி அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி வேலிப் படலையைத் திறக்காமலே, "அவர் வரமாட்டார் தங்கச்சி. கோவிக்காதீங்க" என்றார்.

மிச்சப் பரிசோதனையை வளாக நடைபாதையில், மாணவர்கள் போகவர, முடித்தேன். முடிவு நன்றாகவே வந்தது. அந்த இருவரும் இன்றுவரை கூப்பிடவில்லை. ஆனாலும் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால், மணி நிற்கும்வரை போனைத் தொடாமல் இருந்துவிடுகிறேன்.